மொட்டையாய் நின்ற மேப்பிளும் அல்போன்ஸின் ஆடும்

அய்யா துணை

ஆரல்வாய்மொழி
24-2-1952

மகாகனம் பொருந்திய கொடைக்கானல் பங்களாத் தோட்டத்து அதிபதி, என் அண்ணன் பெற்று நான் வளர்த்த வைகுண்டராஜனுக்குச் சித்தப்பா ஆசீர்வதித்து எழுதுவது. அய்யா புண்ணியத்தில் நானும் உன் சித்தியும் சுகம். என் கோபம் எங்கள் இருவரையும்விட நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

ஏலே மக்கா, பங்களாவுக்கு வந்த புது முதலாளி கார் கொட்டகை போடத் தாய்மரத்தை வெட்டிவிட்டார், அந்த ஜாதிச் சீமை மேப்பிள் மரத்தில் நான் பதியன் போட்டு எடுத்த இந்தக் கன்று ஒன்றுதான் மிச்சம், உயிரைப்போல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பினாயே, பார்த்தேனா இல்லையா? ஆடிக்காற்று எருமையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பணகுடிச் சந்தையில் நிறுத்துகிற ஊர் இது. அந்தக் காற்றுக்கு மூன்று அடுக்கு ஓலைத்தட்டி கட்டினேன், வெயிலுக்குப் பந்தல் போட்டேன், எனக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் அதற்கு இரண்டு குடம் விட்டேன். கார்த்திகையில் இலையெல்லாம் குங்குமமாய்ச் சிவந்தபோது வந்து பார்க்காத ஆள் திருவிதாங்கூரிலேயே இல்லை. மார்கழி பத்தாம் நாள் எழுந்து பார்க்கிறேன், ஒரு இலை இல்லை! வெறும் குச்சி.

இலை உதிரும் என்று ஒரு வரி எழுத உனக்கு மை வற்றிப்போயிற்றா? அங்கத்துப் பனியைப் பற்றி நாலு பக்கம் எழுதத் தெரிந்ததே! உதிர்ந்ததையெல்லாம் காற்று வாரிக்கொண்டு போய்விட்டது, வேலிக்குள்ளே நின்றது அடுத்த வீட்டு அல்போன்ஸின் வெள்ளாடு மட்டும். நான் என்ன நினைப்பேன்? ஊரைக் கூட்டி, ஆட்டையும் அல்போன்ஸையும் அவன் ஏழு தலைமுறையையும் நான் கேட்ட கேள்வியில் மலை இரண்டடி பின்வாங்கிற்று. என் ஆடு தின்னல ஓய், அந்தோணியார் சத்தியம் என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். சத்தியத்தை ஆட்டைப் பண்ணச் சொல்லு என்றேன். முப்பது வருஷச் சிநேகம் அத்தோடு போயிற்று. சித்திரையில் அவன் மகள் ரீத்தாவுக்குக் கல்யாணம், ஊரெல்லாம் சொல்லிவருகிறவன் நம் வாசலை மட்டும் தாண்டிப் போகிறான். ரீத்தா நம் வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிள்ளை, உன் சித்தி கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் குச்சியைப் பிடுங்கி எறியப் போனேன். உன் சித்தி ஓடிவந்து நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை இருக்கு, தொட்டீரானால் உமக்குக் கஞ்சி கிடையாது என்றாள். இன்றைக்குக் காலையில் கணுவுக்குக் கணு சிவப்பாய் முளை, எறும்புத் தலை அளவில். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. நுனிகூடக் கடிபடவில்லை, மரம் தானாகத்தான் இலையை உதிர்த்திருக்கிறது, ஆடு நிரபராதியல்லவா!

நான் போய் மன்னிப்புக் கேட்பேன் என்று கனவு காணாதே. வேலியோரம் நின்று ஆட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுத்தேன், அவ்வளவுதான். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த அல்போன்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டிடம், ஏட்டி, மரம் பிழைச்சிட்டாமா என்று கேட்டான். நானும் ஆட்டைப் பார்த்தே, ஆமா என்றேன். ஆடு தின்றுகொண்டிருந்தது.

ஆகவே நீ லீவு போட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு முன்னே வந்து சேர். தப்பு என்னுடையது, சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அல்போன்ஸ் முன்னால் நின்று சொல்லவேண்டியது நீ. அய்யா உன்னை நூறு வருஷம் நன்றாக வைக்கட்டும், பனியில் தலையை மூடிக்கொள். இந்த மரம் இன்னும் என்னென்ன வித்தை காட்டும் என்று மறு தபாலிலேயே எழுது. இன்னொரு தடவை சண்டை போட எனக்கு வேறே அல்போன்ஸ் கிடையாது.

இப்படிக்கு,
கோபம் இம்மியும் குறையாத உன் சித்தப்பா
தாணுலிங்கம்