நடுவில் இரண்டே பேர்

1966 ஜூலை 4, திங்கள்

விடாத மழை. தாராவி ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஷூ காயவில்லை. அடுப்புப் பக்கம் வைத்ததில் ரூம் முழுக்க நாற்றம்.

சாயங்காலம் ஃபுட்பால் கிளப்பில் கூட்டம். புது கோச் நடராஜன் சார், மாட்டுங்கா ஆபீஸ்காரர், கேரம் காய்களைப் பரப்பிப் பாடம் எடுத்தார். இனி நாலு-ரெண்டு-நாலு. பின்னால் நாலு, நடுவில் ரெண்டு, முன்னால் நாலு. பிரேசில்காரன் இப்படி ஆடித்தான் கப் வாங்கினானாம்.

இதுவரை நடுவில் மூன்று பேர். வலது நான், இடது அக்கா புருஷன் அத்தான், இடையில் சேவியர். சேவியருக்கு வைத்த காயை சார் எடுத்துப் பின்னால் வைத்துவிட்டார். மிச்சம் நானும் அத்தானும்.

"ஒருத்தன் முன்னாடி போனா இன்னொருத்தன் நிக்கணும். யார்னு அப்பப்போ ரெண்டு பேரும் பேசிக்கோங்கோ."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பாவம், புதுசாக வந்த சாருக்கு என்ன தெரியும்?

ஜூலை 5, செவ்வாய்

தூக்கமில்லை. இந்த அத்தானோடு எப்படிப் பேசுவது?

மே மாதம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமனான என் மடியில். அன்று காட்கோபரில் மாட்ச், திரும்பும்போது லோக்கல் ரயில் நின்றுவிட்டது. ஓடிப் போய்ச் சேர்ந்தால் பிள்ளை அத்தானின் சித்தப்பா மகன் மடியில் அலறிக்கொண்டிருக்கிறது.

"நல்ல நேரம் போயிரும்லா," என்றார் அத்தான்.

"அப்போ நான் எதுக்கு?" என்றேன். சபையில் பெரிய சத்தமாகிவிட்டது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மைதானத்தில் நான் சொல்வதை சேவியர் அந்தப் பக்கம் சொல்வான்.

அவர் கிடக்கட்டும். பிள்ளையைத்தான் மனசு தேடுகிறது.

ஜூலை 7, வியாழன்

பிராக்டிஸ். புரிந்தது:
– முன்னால் நாலு பேரில் ஓரத்து ஆட்கள் இருவரும் கோட்டை ஒட்டி நிற்கணும். எதிராளியின் பின்வரிசை பேக் அவர்களைப் பிடிக்க ஓரத்துக்கு வருவான். நடுவில் வழி திறக்கும். முன்வரிசையில் உள்ளே இருக்கும் மற்ற இருவரும் அதில் புகுந்துவிடலாம்.

புரியாதது:
– மற்றதெல்லாம்.

பந்து வந்ததும் நானும் போனேன், அவரும் போனார். திரும்பிப் பார்த்தால் நடுவில் ஒரு நாய் நிற்கிறது. அடுத்த தடவை இருவருமே நின்றுவிட்டோம். முன்னால் நாலு பேரும் பந்துக்காகக் கையை ஆட்டுகிறார்கள். கோல்கீப்பர் ஷிண்டே கத்துகிறான், "பீச் மே கோன் ஹை ரே?" நடுவில் யார் என்று என்னிடம் கேட்டால்? எனக்குத் தெரிந்தால்தானே!

சார்: "ஞாயித்துக்கிழமையும் இப்படின்னா ரெண்டு பேரையும் வெளியில உக்கார வெச்சுடுவேன்."



ஜூலை 10, ஞாயிறு

முலுண்டில் மாட்ச். கணுக்கால் சேறு. இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினோம், இரண்டும் நடு வழியாக. எலுமிச்சம்பழம் சப்பும்போது அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

அப்புறம் பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உருண்டது. நான் ஓடக் காலெடுத்துவிட்டேன்.

"மாப்ளே, நில்லு! நான் போறேன்!"

யார் குரல் என்றே விளங்கவில்லை. நின்றேன். அத்தான் போய்ப் பந்தை ஓரத்துக்குத் தள்ளினார். பேக் இழுபட்டான். நடுவில் வழி. கோல்! கேரம் போர்டில் சார் காட்டியது அப்படியே.

கொஞ்சம் கழித்து நான் கத்தினேன், "அத்தான், நில்லுங்க!" நின்றார்.

என்றாலும் தோற்றோம், 2–1. சார் திட்டவில்லை. ஏனோ?

ரயிலில் மறுபடி பேச்சில்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா? சயானில் இறங்கி அவர் முன்னால், நான் பின்னால். அவர் வீட்டு வாசலில் "இரு" என்று பெஞ்சைக் காட்டினார். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார்.

"பிடி. சட்டைய மாத்திட்டு வாரேன்."

"சேறு ஒட்டும் அத்தான்."

"ஒட்டட்டும்."

போய்விட்டார். பிள்ளைக்குக் காது ஆறியிருக்கிறது. சின்னக் கம்மல். தொட்டுப் பார்த்தேன், அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

உள்ளே அக்கா குரல்: "சட்ட மாத்தியாச்சுல்லா, போய்ப் பிள்ளைய வாங்குங்க."

"இருக்கட்டும். இப்போ என்ன அவசரம்?"

பிள்ளை தூங்கிவிட்டது. எனக்குக் கால் மரத்துவிட்டது. அசையவில்லை.