உன் பெயரில் ஒரு ஃபோல்டர்

இதை எழுதுவதற்கே முதலில் மன்னித்துவிடு. நீ இருந்தபோது உனக்கு நான் இரண்டு வரிக்கு மேல் செய்தி அனுப்பியதில்லை. நீ பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாய். நான் ஒரு "ம்" போடுவேன். இப்போது, படிக்க நீ இல்லாத நேரத்தில், நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கேரள மலைமேல் வண்டன்மேட்டில், அப்பா வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரின் முன்னறையில் இருக்கிறேன். உள்ளே பச்சைக் காய் உலர்கிறது. கதவிடுக்கு வழியாக வரும் ஈரமும் காரமும் கலந்த வாசனையில், புதுக் கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கலவையை நீ முகர்ந்ததில்லை. ஆனாலும் இது உன்னையே கொண்டுவருகிறது.

நீ முதன்முதலாக இங்கே வந்தபோது அப்பா உலர்த்தும் அறையின் கதவைத் திறந்து காட்டினார். விறகுச் சூடு முகத்தில் அடித்ததும் நீ ஓரடி பின்வாங்கினாய்.

"ஏனுங்கப்பா, இதுக்குள்ளயா போயிப் போயிப் பாக்கறீங்க?"

"பாக்காம எப்படித்தா? சூடு ஏறிப்போச்சுன்னா காய் வெளுத்துப்போகும். பச்சை போச்சுன்னா ஏலத்துல எவன் சீந்துவான்?"

"எங்கூருப் பக்கம் இந்தச் சூட்டுக்குப் பேரு சித்திரை மாசமுங்க" என்றாய். அப்பா இருமலோடு சிரித்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "புள்ள, நம்ம புராஜெக்ட் இதுதான்" என்றாய். கல்லூரியில் எல்லோரும் ஏதேதோ தலைப்பு தேடிக்கொண்டிருந்த சமயம். எனக்கு வெட்கமாக இருந்தது, என் அப்பாவின் வேர்வை ஒரு புராஜெக்ட் ஆவதில். உனக்கு அதில் வெட்கமே இல்லை.

அறைக்குள் ஒரு சூட்டுமானி. அதன் கம்பி முன்னறைக் கம்ப்யூட்டருக்கு வரும். சூடு எல்லை தாண்டினால் ஹாரன் அடிக்கும். அந்த ஹாரனுக்காக நீ பொள்ளாச்சி பஸ் ஒன்றின் சத்தத்தைப் பதிவு செய்து வந்தாய். "மெதுவாக் கூப்பிட்டா உங்கூர்ல யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க, உன்னையாட்டம்." தோட்டத்து லயத்தில், ஒரே சுவரால் ஒட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் குரல் அப்படித்தான் அமைகிறது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பேசிப் பேசியே தொண்டை சுருங்கிவிடும். நீயோ வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டு வளர்ந்தவள்.

நிரலின் பெரும்பகுதி உன் கை. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அதை ஓடும் வடிவில் கட்டித்தரும் பில்டு ஃபைலும் நீ எழுதியதுதான். எந்தக் கோப்பை எங்கே தேட வேண்டும், எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் கோப்பு அது. நல்ல பில்டு ஃபைல் எந்த இயந்திரத்துக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும். உன்னுடையது எல்லாவற்றையும் உன் லேப்டாப்பில், உன் பெயரிட்ட ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். நான் சொல்லிப் பார்த்தேன்.

"இது வேற மெஷின்ல ஓடாதுடி."

"எதுக்கு ஓடோணும்? வேணுங்கறவங்க எங்கூட்டுக்கு வரட்டும். மோர் குடுக்கறேன்."

ஸ்டோருக்குக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரிலும் நீயே லினக்ஸ் போட்டு, உன் பெயரிலேயே கணக்குத் திறந்தாய். ஃபோல்டர் இருந்தது, அதனால் ஓடியது. அப்பா அந்த அறைக்குள் போவது குறைந்தது. இருமலும் குறைந்தது.

பிறகு உனக்குக் கோயம்புத்தூரில் வேலை. எனக்குக் கொச்சிக் கம்பெனி ஒன்றின் வேலை, வீட்டிலிருந்தபடியே. ஒருநாள் குமுளி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை என்றார்கள். உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். எல்லோரும் சத்தமாக அழுதார்கள். எனக்கு அங்கேயும் குரல் வரவில்லை.

இந்த மழையில் ஈரம் ஏறி ஸ்டோரின் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. முதலாளி புதிது வாங்கினார், விண்டோஸ் போட்டது. அப்பா என்னிடம் வந்து, "தாயி, அந்தப் புள்ள எழுதுனது இதுல ஓடுமா?" என்று கேட்டார். முதலாளி வாசலிலிருந்தே, "இந்தக் காய் எடுப்பு முடியறதுக்குள்ள ஓடலைன்னா கம்பெனிக்காரன் மெஷின வச்சுர வேண்டியதுதான். நானும் எத்தன நாள் பாக்குறது?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் நீ செய்தவற்றில் இந்த உலகத்தில் இன்னும் ஓடக்கூடியது இது ஒன்றுதான். அதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்ததும் பழைய கம்ப்யூட்டரைக் கழற்ற உட்கார்ந்தேன்.

செத்த கம்ப்யூட்டரிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. முழு நிரலும் உன் லேப்டாப்பில்தான் இருந்தது. குமுளியில் பஸ் ஏறி, கம்பம் இறங்கி, பழநி, பொள்ளாச்சி வழியாக உன் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக ஒரு பகல் முழுதும் தமிழ்நாட்டைக் கடந்தேன். உன் அம்மா பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த லேப்டாப்பை எடுத்தார். மூடியில் குங்குமம் வைத்திருந்தது.

"வெள்ளிக்கெழமை தவறாம சார்ஜ் போட்டர்றன் கண்ணு. போடாட்டிக் கெட்டுப்போயிருமுன்னு அவதான் சொன்னா."

பென்டிரைவைச் செருகியபோது என் தோளைத் தொட்டார்.

"நீ எடுத்துட்டுப் போனீன்னா, இதுல கொறஞ்சு போயிருமா சாமி?"

"இல்லம்மா. இது நகல்தான். இங்க இருக்கது இங்கயே இருக்கும்."

"அப்பத் தாராளமா எடுத்துக்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு, மோர் கொண்டுவர உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

ஊருக்கு வந்து புது இயந்திரத்தில் நிரலைக் கட்டிப் பார்த்தேன். திரை நிறையப் பிழைகள். எனக்கு அழுகை முட்டும்போதெல்லாம் நீ சொல்வது ஒன்று உண்டு: "கடேசி வரியப் பாத்து அழுவாத புள்ள. மொத வரியப் படி." மேலே மேலே நகர்த்திக்கொண்டே போனேன். முதல் வரியில் உன் பெயர் இருந்தது. அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று எழுதியிருந்தது.

எழுந்து வெளியே போய்விட்டேன். ஏலச்செடிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்து மற்றவற்றைச் சரிசெய்தேன். சூட்டுமானி செருகிய துளைக்கு லினக்ஸில் ஒரு பெயர், விண்டோஸில் வேறு பெயர். கொஞ்ச நேரம் காத்திரு என்று சொல்லும் கட்டளைகூட வேறு. இது எந்த இயந்திரம் என்று முதலில் பார், பார்த்துவிட்டு அதற்கேற்றதை எடு என்று பில்டு ஃபைலில் எழுதினேன். உன் பெயர் இருந்த வரியை மட்டும் தொட மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக சி டிரைவைத் திறந்து, உன் லேப்டாப்பில் இருந்ததுபோலவே அங்கே உன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் வைத்தேன். வேலை தெரிந்தவர்கள் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். நீயே தலையில் குட்டியிருப்பாய்.

ஓடியது. சோதிப்பதற்காக எல்லையைக் குறைத்து வைத்தேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டோர் முழுக்க அலறியது. விறகு அடுக்கிக்கொண்டிருந்த அப்பா கையில் கட்டையோடு ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வந்துருச்சா அந்தப் புள்ள" என்றார். பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். கட்டப்பனைப் பக்கம் இன்னொரு ஸ்டோரில் கேட்டார்கள். அங்கே சூடு பார்ப்பவர் அப்பாவைவிட மூத்தவர். போன எடுப்பில் அறைக்குள்ளேயே மயங்கி விழுந்தவர். எல்லாவற்றையும் அனுப்பினேன். அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா இன்று போன் செய்தார்.

"ஏம்மா, இந்தப் பேருல ஃபோல்டர் போடச் சொல்லிருக்க, போட விடமாட்டேங்குதே. எல்லாம் பூட்டி வச்சிருக்காங்க. ஹெட் ஆபீசுல கேட்டா, அப்படி ஒரு ஸ்டாஃபே நம்மகிட்ட இல்லையேங்கிறாங்க. யாரும்மா இது?"

"பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றேன். உன்னோடு இருந்து எனக்கும் அந்த இழுவை ஒட்டிக்கொண்டது போல, கடைசியில் "ங்க" என்று வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வரியில் பெயர் எதுவும் தேவையில்லை. நீ எங்கே இருக்கிறாயோ அங்கேயே பக்கத்தில் தேடிக்கொள் என்று இயந்திரத்திடம் சொன்னால் போதும்; எந்த இயந்திரத்திலும் ஓடும். அதை அடித்து வைத்துவிட்டேன். இன்னும் சேமிக்கவில்லை. கோப்பின் தலையில் உன் பெயரை எழுதத்தான் போகிறேன். ஆனால் அது மனிதர்களுக்கான குறிப்பு. இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். இப்போதோ, காலையில் அப்பா கம்ப்யூட்டரைப் போட்டதும் அது முதலில் உன்னைத் தேடிப் போகிறது. உன் வீட்டுக் கதவைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வருகிறது. உன்னை இன்னும் தினமும் கூப்பிடுகிறவர்கள் உன் அம்மாவும் அந்த வரியும்தான்.

உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது நிறைய. முதல் வரியிலிருந்து படிக்கும் பழக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல், பாதியாவது. அவை என்னோடு எங்கேயும் வரும். யாரும் பூட்ட முடியாது. இந்த ஒன்றைத்தான் உன்னைக் கேட்காமல் செய்ய முடியவில்லை.

நாளைக் காலை அந்த அக்காவுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெரியவர் மறுபடி அறைக்குள் போவதற்கு முன் அனுப்ப வேண்டும். இத்தனையும் சுற்றி வளைத்துச் சொன்னது இதைக் கேட்கத்தான்.

அந்த வரியில இருந்து உன் பேர எடுத்துறட்டுமாடி?