ஓய்வு பெற்றவரின் இரண்டாவது தேத்தண்ணி

அண்ணை,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு வீடு குடிபூரல். பால் காய்ச்சி, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் கதிரைகளில் சாய்ந்திருந்த நேரம். நான் எழும்பிப் போய் அந்த வீட்டு முன்னறைச் சுவரை விரல் மொளியால் டொக் டொக் என்று தட்டி, காதையும் அதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. காயாத சாந்தின் ஈர மணம் மூக்கில் ஏறியது, கை தன்பாட்டில் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், வீட்டுக்காரி தேத்தண்ணித் தட்டத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, இன்னொரு தேத்தண்ணி குடிப்பியளோ?" என்றாள். அந்தக் குரலில் இருந்தது உபசாரம் இல்லை அண்ணை, பயம்.

அவளுக்கு உங்களைத் தெரியாது. உங்கள் முகத்தைக் கண்டதுமில்லை. ஆனால் எங்கள் நோர்பரித் தெருவில் பிறந்த நம் தேத்தண்ணிச் சாஸ்திரம் தேம்ஸ் நதியைக் கடந்து பார்க்கிங் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைப் பரப்பியவளே நான்தான் என்பதால் பெருமைப்படுவதா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவதா என்று யோசித்தேன். கடைசியில் தண்ணீர் கேட்டேன். அது அதைவிடப் பிழையான பதில் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தபோது ஏற்கனவே ஓய்வு பெற்ற எஞ்சினியர். எங்கள் ஆட்களுக்கு எஞ்சினியர் என்றால் எஞ்சினியர்தான், அதில் உட்பிரிவு கிடையாது. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கும் என்னிடமே முழங்கால் நோவுக்கு என்ன பூசுவது என்று கேட்கிற சனம் இது. உங்களை விடுமா?

உங்கள் ஓய்வு எனக்கு ஒரு விடுகதையாக இருந்தது. வேலையை விட்டவர் விட்டதுதானே? நீங்களோ ஆண்டுதோறும் உங்கள் எஞ்சினியர் சங்கத்துக்குச் சந்தா கட்டி, "நான் இப்போது தொழில் செய்யவில்லை" என்று உறுதியும் சொல்லி, ஓய்வு பெற்ற உறுப்பினர் என்ற வரிசையில் பெயரை வைத்திருந்தீர்கள். வேலை செய்யாமலிருப்பதற்கும் சந்தாவா என்று கேட்டேன். "பேரை வைச்சிருக்கலாம் தங்கச்சி, கையை வைக்கக்கூடாது" என்றீர்கள்.

நான் விடுகிற ஆளா? குறுக்கு விசாரணை தொடங்கினேன்.

"சம்பளம் வாங்காமல் சும்மா சொன்னால்?"

"சும்மா சொன்னாலும் சொன்னதுதான்."

"சொந்தக்காரருக்கு?"

"விழுற சுவருக்குச் சொந்தக்காரர் ஆரெண்டு தெரியுமோ?"

"வாயாலை ஒண்டும் சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டினால்?"

அதற்கு நீங்கள் தலையை ஆட்டாமல், கழுத்தில் சுளுக்குப் பிடித்தவர்போல அசையாமல் இருந்து காட்டினீர்கள். தமிழன் ஒருவன் தலையை ஆட்டாமல் உரையாடுவதை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

வெம்பிளியில் உங்களுக்கு ஒரு நண்பர் இருந்தார், கட்டடக் கலைஞர். அவர் ஓய்வு பெற்றதும் பதிவிலிருந்தே பெயரை எடுத்துவிட்டாராம். "அவரின்ர பாடு இன்னும் கஷ்டம். பதிவில பேர் இல்லாட்டி அந்தப் பட்டத்தைச் சொல்லித் தொழில் செய்ய ஏலாது" என்றீர்கள். அப்படியென்றால் கலியாண வீடுகளில் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் என்ன சொல்வார்? "முந்தி வீடு கீறினனான் எண்டு சொல்லுவார். கேட்டவை ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சித்திரம் கீறிக் குடுத்தவர் எண்டு நினைப்பினம்." நீங்கள் சிரித்தீர்கள். சிரித்து முடிய, "எனக்கு அந்த ஒரு சொல்லாவது கிடக்குது" என்று மெல்லச் சொன்னீர்கள். ஓய்வு பெற்ற என்ற முன்னொட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு சொல்லை நீங்கள் எவ்வளவு கவனமாகப் பிடித்துவைத்திருந்தீர்கள் என்பது அப்போது எனக்கு விளங்கியது. விளங்கியும் என்ன, நான் என் வேலையைத் தொடர்ந்தேன்.

லண்டனில் நம் ஆட்கள் வீடு வாங்கிய கையோடு செய்கிற முதல் காரியம் பால் காய்ச்சுவது, இரண்டாவது சுவர் இடிப்பது. பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, ஊரிலிருந்து வந்தவர்கள் என்று எப்போதும் ஐம்பது பேரை இருத்த இடம் வேண்டும். ஆங்கிலேயன் தேத்தண்ணிக்கு ஒரு அறை, பேப்பர் பார்க்க ஒரு அறை என்று பெட்டி பெட்டியாகக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவர் மரணதண்டனைக்குக் காத்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர் உங்களை "சும்மா ஒரு தேத்தண்ணிக்கு" அழைப்பார்.

நீங்களும் போவீர்கள். வீட்டுக்குள் வருமுன் வாசலில் கிடக்கும் இரும்பு மூடியை ஒரு கணம் தலை குனிந்து நின்று பார்ப்பீர்கள். அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். உள்ளே வந்து நடக்கிற நடையிலேயே சுவரை இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். பிறகு உட்கார்ந்து வானிலையைப் பற்றிக் கதைப்பீர்கள். இதை இடிக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "எனக்கு ஓய்வு. வேலையில இருக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ."

இவ்வளவு தெளிவாகத் தமிழில் சொன்னால் எங்களுக்கு விளங்குமா? சட்டத்துக்காகத்தான் இவர் அப்படிச் சொல்கிறார், உண்மையான பதில் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று முடிவு செய்தோம். அதைக் கண்டுபிடித்தவள் நான். இரண்டாவது தேத்தண்ணி குடித்தால் இடிக்கலாம். ஒன்றோடு எழும்பினால் தொடக்கூடாது. தண்ணீர் கேட்டால் வீட்டையே விற்றுவிட்டு வேறு வீடு பார்க்க வேண்டும். பல் வைத்தியரிடம் வந்தவர்களுக்கெல்லாம் வாயில் பஞ்சு இருக்கும்போதே இதைச் சொல்லிவைத்தேன், மறுத்துப் பேச முடியாது பாருங்கள். பிறகு போன் வரத் தொடங்கியது. "அக்கா, அண்ணை ரெண்டாவதைப் பாதியில வைச்சிட்டார், என்ன அர்த்தம்?" நான் யோசித்து, பாதிச் சுவரை இடிக்கலாம் என்றேன்.

நல்லகாலம், அந்த வீட்டுக்காரருக்கு வங்கி கடன் கொடுக்கவில்லை. சுவர் தப்பியது.

எங்கள் வீட்டுச் சுவர் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. குசினிக்கும் பின்னறைக்கும் இடையில் நின்ற சுவர். மேல்மாடியில் அதற்கு நேரே மேலே என் மாமியாரின் கட்டில். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், மாமி இன்றுவரை நம்பவில்லை. உங்களைக் கூப்பிட்டேன். தட்டினீர்கள். முதல் தேத்தண்ணி குடித்தீர்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை நீட்டினேன். வாங்கிக் குடித்தீர்கள், வடையோடு! பாஸ்கரனுக்கு அன்றைக்கே போன் செய்தேன். வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிற பாஸ்கரன், சுத்தியலோடு சனிக்கிழமை வருவதாகச் சொன்னான்.

சனிக்கிழமை காலை அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் பழைய சீலை போர்த்தி முடிய மணி அடித்தது. திறந்தால் நீங்கள். கோட்டுப் போட்டு, கையிடுக்கில் பேப்பர். "தங்கச்சி, ஒரு கதிரை தா" என்றீர்கள். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சுவரோடு அணைத்துப் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து இருந்து பேப்பரை விரித்தீர்கள்.

பாஸ்கரன் சுத்தியலோடு நின்றான். "அண்ணை, கொஞ்சம் எழும்புங்கோ. உடைக்கப் போறம்."

"உடை தம்பி. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லையே."

"நீங்கள் இருந்தால் எப்பிடி உடைக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது. நான் ஓய்வு."

"உங்கட ரெண்டாவது தேத்தண்ணியை நம்பித்தானே அண்ணை வந்தனான்!"

"தேத்தண்ணி நல்லாயிருந்தது. அதாலை குடிச்சனான்."

அந்த நேரம் நான் சுவருக்குள் புகுந்துகொள்ள இடமிருந்திருந்தால் அது வெறும் தடுப்பா, சுமை தாங்குகிற சுவரா என்று அப்போதே தெரிந்திருக்கும். மேல்மாடிப் படியிலிருந்து மாமியின் குரல் வந்தது. "தம்பி, வந்திட்டியோ?"

"வந்திட்டன் அம்மா. இருக்கிறன்" என்றீர்கள் நீங்கள்.

"எழும்பிப் போடாத ராசா. என்ர மருமகள் தேத்தண்ணிக் கோப்பையை நம்பி என்னைக் கீழ இறக்கப் பாக்கிறாள்."

சாஸ்திரத்தை உங்களிடம் போட்டுக்கொடுத்தது மாமிதான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முந்தினநாள் உங்களுக்குப் போன் எடுத்து முழுவதையும் ஒப்புவித்திருக்கிறா.

என் கணவர் நியாயம் பேசுகிறவர், அந்த நேரம் பார்த்துத்தானா பேச வேண்டும்? "அண்ணை, நீங்கள் வாயாலை சொல்லாட்டியும் இதுகும் ஒரு ஆலோசனைதானே? ஆரும் உங்கட சங்கத்துக்கு அறிவிச்சால் என்ன செய்வியள்?"

நீங்கள் பேப்பரை மடித்தீர்கள். "அதைத்தான் விடிய எழும்பினதிலயிருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றீர்கள். "கதிரையில இருக்கிறதுக்கு லைசென்ஸ் தேவையில்லை எண்டுதான் நினைக்கிறன். பிழையெண்டால் பேர் போகும். போனால் போகட்டும். அம்மா மேல படுக்கிறா."

உங்களிடம் மிச்சமிருந்த அந்த ஒரு சொல்லை, எங்கள் குசினிக் கதிரை ஒன்றின் கீழ் வைத்துவிட்டு அதன்மேல் இருந்தீர்கள் அண்ணை. நான் என்ன செய்தேன் தெரியுமோ? அந்த நேரத்திலும் தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். "வேண்டாம்" என்றீர்கள், என் தேத்தண்ணிக்கு முதல் தடவையாக.

என் கணவர் அங்குமிங்கும் போன் எடுத்து, இன்னும் தொழில் செய்கிற ஒரு எஞ்சினியரைப் பிடித்து, அடுத்த கிழமைக்கு நாள் குறித்த பிறகுதான் எழும்பினீர்கள். சந்தேகத்துக்குச் சுத்தியலையும் கையோடு கொண்டுபோனீர்கள். பாஸ்கரன் அதை வாங்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் மனைவி, எங்கள் மச்சாள், அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினா.

அடுத்த கிழமை வந்த எஞ்சினியர் ஒரு நைஜீரியப் பெண். குசினியில் தலைக்கு மேலிருந்த முகட்டில் ஒரு துளை போட்டு, டோர்ச் அடித்துப் பார்த்து, மேலே போய் அளந்து, யார் இங்கே படுக்கிறார்கள் என்று கேட்டா. மாமி கையைத் தூக்கினா, பள்ளிக்கூடப் பிள்ளைபோல. மாமி, கட்டில், அலுமாரி, அதற்கு மேலே கூரையில் ஒரு பங்கு, எல்லாம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, இரும்பு பீம் போடாமல் ஒரு கல்லையும் தொடக்கூடாது என்றா. அன்றிலிருந்து நான் எதையாவது உறுதியாகச் சொல்லத் தொடங்கினால் மாமி கேட்பது ஒன்றுதான்: "இது எத்தினையாவது தேத்தண்ணியில கண்டது?"

உங்களிடம் ஓடிவந்து முழுவதையும் சொன்னேன். நீங்கள் கதிரை நுனிக்கு வந்து கேட்டீர்கள். "முகட்டை ஏன் துளைச்சவ? தாங்கிற மரங்கள் எந்தப் பக்கமா ஓடுதெண்டு பாக்கவோ? ஓ, அப்பிடியோ! பிறகு?" என்னைச் சோதிக்கிறீர்கள் என்று நினைத்தேன். பெரிய ஆட்கள் தெரிந்ததையும் தெரியாததுபோலக் கேட்பார்கள் அல்லவா?

உங்கள் சங்கத்துக்கு யாரும் எதையும் அறிவிக்கவில்லை. அந்தச் சொல் உங்களோடு கடைசிவரை இருந்தது. போன மாரியில் நீங்கள் போன பிறகு எனக்கு ஒரே யோசனை. ஓய்வு பெற்றவர் இறந்தால் அந்தப் பெயர் எந்த வரிசைக்குப் போகும்? ஓய்விலிருந்தும் ஓய்வு என்று ஏதாவது இருக்குமா? கேட்டால் நீங்கள் சிரிக்காமல், அப்படியான ஒரு பிரிவு இருக்கிறதா என்று உண்மையாகவே விசாரித்துப் பார்த்திருப்பீர்கள்.

பார்க்கிங்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட நின்ற அந்த வீட்டுக்காரியைப் பக்கத்தில் இருத்தினேன். "பிள்ளை, எனக்குச் சுவரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வேலையில இருக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ" என்றேன். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு வசனம்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு, புருசனிடம் போய்க் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது: "அக்கா சட்டத்துக்காகச் சொல்லுறா."

இந்தக் கதையை நேற்று மச்சாளிடம் சொன்னேன். உங்கள் கோட்டுகளை மடித்துக்கொண்டிருந்தவ, விழுந்து விழுந்து சிரித்தா. "உவர் தன்ர வாழ்க்கையில சுவர் ஒண்டும் கட்டேல்லையே. முழுக்க நிலத்துக்குக் கீழ, கழிவுத் தண்ணி போற குழாய்தானே உவரின்ர வேலை. ஒருத்தரும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை."

"அப்ப ஏன் மச்சாள் எல்லார் வீட்டுச் சுவரையும் தட்டினவர்?"

"குழாய் எதுக்குள்ளாலை போகுதெண்டு பாக்க."