கோத்தகிரியின் துணைக்கால்

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் சூடான தேயிலைத்தூள் வாசம் அடித்தது. விசிறியின் இறக்கைகளில் தூள் அப்பிக் கிடந்தது. குடோனுக்குள் கம்ப்யூட்டரை வைத்தால் அதுவும் டீ குடிக்கத்தானே செய்யும் என்பீர்கள், கணக்கப்பிள்ளை. தட்டித் துடைத்து மூடியை மாட்டினேன். பெட்டி ஓடியது. புது பில் புரோகிராம்தான் ஓடவில்லை. வரி முறை மாறிவிட்டதால் பழைய பில் இனிமேல் செல்லாது. வெளியே பொள்ளாச்சி லாரி பாதிச் சரக்கோடு நிற்கிறது. பில் இல்லாமல் செக்போஸ்ட்டைத் தாண்டாது.

திரையில் வந்த பிழைச் செய்தியில் ஒரு லைப்ரரியின் பேர் இருந்தது. அது யாருடையது என்று, பெட்டியில் நிறுவியதையெல்லாம் பதிந்துவைக்கும் பேக்கேஜ் மேனேஜர் புரோகிராமிடமே கேட்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த கட்டளைதான். அது சொன்ன பதில் தமிழில் இப்படி வரும்: இந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை.

யாருடையது என்று எனக்குத் தெரியும்.

உங்களை நான் வரவழைத்தது நட்பால் அல்ல. பச்சைத்தேயிலை விலை பறிப்புக்கூலிக்கே கட்டாமல் போன காலம். பந்தலூர்ப் பக்கம் நீங்கள் ஆபீஸ் வேலை பார்த்த எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள். இங்கே கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டில் ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகை விடுவதை நிறுத்தின. தூளை வாங்கிக் கலந்து கீழே டீக்கடைகளுக்கு அனுப்பும் எனக்கும் கை இறுகிவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் சும்மா கிடைக்கும், போட்டுத்தர ஓர் ஆள் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். ‘சும்மா’ என்ற சொல்லுக்காகத்தான் ஆள் அனுப்பினேன். ஒரு துணிப்பையும் இரண்டு சிடியுமாக பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். உங்கள் அப்பா இலங்கைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்று தெரிந்ததும் நான் உங்களை அப்படியே கூப்பிட்டேன். பதிலுக்கு நீங்கள் என்னை மொதலாளி என்றீர்கள். இரண்டிலும் கேலி இருந்தது. போகப் போகக் கேலி தேய்ந்து பேர் மட்டும் நின்றது.

முதல் பில் அடித்த அன்று இருவரும் காகிதத்தைப் பார்த்தபடி நின்றோம். தலைப்பில் கோத்தகிரி என்று வர வேண்டும். ‘க’ தனியே ஒதுங்கி நின்றது. பக்கத்தில் ஒரு கொம்பு, ஒரு கால், இரண்டுக்கும் நடுவில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிபுள்ளியாக ஒரு வெற்று வட்டம். பல புரோகிராம்களும் பொதுவாக எடுத்துப் புழங்கும் கருவிதான் லைப்ரரி என்றும், தமிழ் எழுத்தைக் கோக்கும் லைப்ரரி இதில் பழசு என்றும் விளக்கினீர்கள். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “பேரு துணைக்காலு. நிக்கிறத பாருங்க மொதலாளி, தொணையே இல்லாம” என்றீர்கள்.

ஊட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து புது லைப்ரரியின் மூல நிரலை ஃபிளாப்பிகளில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். அதைப் பேக்கேஜாக இல்லாமல், இந்தப் பெட்டியிலேயே கட்டி, கையால் தனி இடத்தில் நிறுவினீர்கள். கட்டி முடியும்வரை திரையில் எழுத்து மழையாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது வெந்நீர் கொதிப்பதைப் பார்ப்பது போல இருந்தது. உங்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கோத்தகிரி ஒன்று சேர்ந்தது. ஒரே ஒரு குறை, ‘க’வுக்கும் துணைக்காலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். ஓடுகிற மாட்டை எதற்கு அடிக்கிறீர்கள் என்றீர்கள். சரக்குப் போனால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். பொள்ளாச்சிக் கடைக்காரர் மட்டும் போனில், “ஏனுங்க, உங்க ஊருக்குக் கால் ஒடஞ்சு போச்சுங்களா?” என்று கேட்டார். அதன்பிறகு எங்கள் பில்லைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வார்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியை நானே போட்டு எல்லாவற்றையும் அப்டேட் செய்த நாள் நினைவிருக்கிறதா? சும்மா வந்ததை வீணாக்க மனம் வரவில்லை. பேக்கேஜ் மேனேஜர் தன் பங்குக்கு அதே பேரில் தன்னுடைய லைப்ரரியைக் கொண்டுவந்து வைத்தது. அது வேறு பதிப்பு. மறுபடி அந்த வெற்று வட்டம். பாதிப் புரோகிராம்கள் திறக்கவேயில்லை. திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கையால் நிறுவிய லைப்ரரியின் பேரைத் திரையில் காட்டினீர்கள்.

காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு ஆளெடுப்பதை இங்கே மஸ்டர் என்போம், உங்களுக்கு அது பெரட்டு.

“இவன் பெரட்டுல பேர் குடுக்காம நேரா தேயில நெரைக்கு வந்து கொழுந்தெடுக்கிற ஆளு மொதலாளி. வேலையெல்லாம் சுத்தம். ஆனா கங்காணிக்கு இவன் இருக்கறதே தெரியாது. அந்த நெர காலின்னு நெனச்சு இன்னொருத்தன அனுப்பிருவான். ஒரே நெரையில ரெண்டு பேரு, வெளங்குமா?”

புரோகிராம்கள் உங்களுடைய ஆளையே முதலில் பார்க்கும்படி வழியை மாற்றி வைத்துவிட்டு, இனி அப்டேட் போட்டால் ஒரு போன் போடச் சொன்னீர்கள். “பதிவுல இல்லாதவன நீங்கதான் ஞாபகம் வெச்சுக்கணும்.”

மழைக்குப் பிறகு நீங்கள் திருப்பூர் போனீர்கள். பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்ஷன், மாதச் சம்பளம். போக வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? பஸ் ஸ்டாண்டில், “அப்டேட் போட்டுராதீங்க” என்றீர்கள். பிறகு நான் போன் போட்டதெல்லாம் அப்டேட்டுக்காக இல்லை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் பேச்சைப் பெட்டியில்தான் ஆரம்பிப்பேன். நீங்களும் அதில்தான் முடிப்பீர்கள்.

ஒருநாள் வேறு குரல் எடுத்தது. நீங்கள் தவறி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றது. நெஞ்சுவலியாம். பந்தலூரிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்களாம், சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்களாம். யாரையும் குறை சொல்ல மாட்டேன். நான் சொந்தம் இல்லை, ஊரும் இல்லை, கூட வேலை பார்த்தவனும் இல்லை. உங்கள் பெரட்டில் என் பேர் இல்லை, அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அன்றைக்கும் சரக்கு அனுப்பினேன். வீட்டில் சொன்னபோது, யார், அந்தக் கம்ப்யூட்டர்காரரா என்று கேட்டுவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தார்கள்.

இன்றைக்கு லாரிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். புது புரோகிராமுக்கு வேண்டிய புது லைப்ரரியைப் பேக்கேஜ் மேனேஜர் கொண்டுவந்து வைத்திருக்கிறது. உங்கள் ஆள் முன்னால் நின்றுகொண்டு அதைப் பார்க்கவிடாமல் மறைக்கிறான். இருவரையும் வைத்துக்கொண்டே ஓட்ட உங்களுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது அழிப்பது ஒன்றுதான். இந்தக் குடோனில் நீங்கள் கையால் வைத்ததில் மிச்சம் இருந்ததும் அது ஒன்றுதான். டைப் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்டர் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு தட்டினேன். வியாபாரி வேறு என்ன செய்வான்?

பில் வந்தது. கோத்தகிரி இடைவெளி இல்லாமல், கச்சிதமாக. உண்மையைச் சொன்னால், உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏற்றுகிறவர்கள் கூப்பிட்டார்கள். கடைசிச் சாக்கில் ஊர்ப்பேர் போட விட்டுப்போயிருந்தது. மையைத் தொட்டு பிரஷ்ஷால் எழுதினேன். சாக்கைத் தூக்க வந்தவர் சிரித்தார். “ஏனுங்க, காலு தள்ளி நிக்குதுங்களே.” பார்த்தேன். ‘க’வுக்கும் துணைக்காலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. என் கை இதை எப்போது பழகியது என்று தெரியவில்லை. அடுக்கியிருந்த மற்றச் சாக்குகளைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது.

திருத்தவில்லை. தள்ளி நிற்கும் இவனும் பெரட்டில் பேர் கொடுக்காத ஆள்தான், கணக்கப்பிள்ளை. நான்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.