லேபிளைப் பிரிக்காதே

ஜெர்சி சிட்டி
மார்ச் 11, 2025

கிரீஷுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். காகிதத்தில் எழுதினால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் பையன் ஷ்ரேயஸின் நிச்சயதார்த்தத்துக்கு எவ்வளவு ஆசையாக அந்த ட்வீட் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தேன் தெரியுமா? பிரின்ஸ்டனில் காலமாகிப்போன ஒரு பேராசிரியர் வீட்டுச் சாமான்களை விற்றபோது கிடைத்தது. தோளில் பஞ்சு கிடையாது. இடுப்பைப் பிடிக்கும் தையல் கிடையாது. மூன்று பொத்தான் இருந்தாலும் காலர் மெத்தென்று உருண்டு நடுப் பொத்தானில் வந்து நிற்கும். கல்லூரி முடித்து இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நீயும் நானும் பைத்தியமாக அலைவது இந்தப் பழைய அமெரிக்கத் தையலுக்குத்தானே.

போட்டோ அனுப்பியதும் நீ என்ன சொன்னாய்? "உள்பாக்கெட்ல ஓனர் பேரு, வருஷம் போட்ட லேபிள் இருக்காடா? இருந்தா பிரிக்காதே. அதுதான் ஒரிஜினல்ங்கறதுக்கு சாட்சி." வேறு எவனாக இருந்தாலும் பரிசு கொடுக்குமுன் அதைக் கத்தரித்துப் போட்டிருப்பான். நம்மைப் போன்ற கிறுக்கர்கள்தான் விட்டுவைப்போம்.

நிச்சயதார்த்தம் நடந்த மில்பிடாஸ் ஹாலில், தாம்பாளத்திலிருந்து கோட்டை எடுத்து, லேபிளில் இருந்த அந்நியப் பெயரையும் அந்தக் காலத்து வருஷத்தையும் உன் அக்கா படித்தார். "நல்ல நாளும் அதுவுமா, யாரோ செத்துப்போனவன் போட்டுண்ட கோட்டையா கொழந்தைக்குக் குடுப்பா?" என்று பெண் வீட்டார் முன்னால் கேட்டார். பர்வதம் அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வளர்ந்த விதம் அப்படி. ஆனால் நீ என்ன சொன்னாய்? "எனக்குத் தெரியாதுக்கா. ரஞ்சித் எங்கயாவது மலிவா புடிச்சிருப்பான், அவன் சுபாவம் அது." அப்போது நீ போட்டிருந்த நீல பிளேசர் நான் தேடிப் பிடித்த பழசு. உன் காலில் இருந்த லோஃபரும் எவனோ போட்டுக் கழற்றியது. வாய் கூசவில்லையா உனக்கு?

அக்கா கோட்டைக் கொண்டுபோய்ச் செருப்பு விடும் இடத்தில் போட்டார். என் பெண்டாட்டி வான்மதி கையில் தாம்பாளத்தோடு நின்றாள், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏர்போர்ட் போகும் வரை ஃப்ரீவே முழுக்க அழுதாள். "இனிமே அவிய வீட்டுக் காரியம் எதுக்கும் நான் வரமாட்டனுங்க" என்றாள்.

நீ உன் வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ரஞ்சித்குமார்


லிவர்மோர்
மார்ச் 24, 2025

என் அருமை ரஞ்சித்,

உன் கடிதம் வந்தது. நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? பெண் வீட்டார் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதறிப்போய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைப் படிக்க வைத்தவள் என்று உனக்குத் தெரியும். ஊரிலிருந்து இங்கே வந்து எங்களோடு இருக்கிறாள். என் அலமாரியில் இருப்பதெல்லாம் முகம் தெரியாதவர்கள் போட்டுக் கழித்தது என்று தெரிந்தால் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். அதனால்தான் எல்லாம் கடையில் வாங்கியது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் மற்றவர்களும் அப்படியே நம்புகிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

உன் மேலும் தப்பு இருக்கிறது, கோபப்படாமல் கேள். லேபிளை விட்டுவைக்கச் சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் தனியாகக் கொடுப்பாய் என்றுதான் நினைத்தேன். சபையில் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவார்களா?

ஜூனில் லிவர்மோர் கோயிலில் கல்யாணம். அது நல்லபடியாக முடியட்டும், நிதானமாக அக்காவிடம் சொல்கிறேன். நீயும் வான்மதியும் அவசியம் வர வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மட்டும் புதுசாக ஏதாவது போட்டுக்கொண்டு வாயேன். அக்கா கண்ணை உறுத்தாமல் இருக்கும்.

மாறாத நட்புடன்,
கிரீஷ்


ஜெர்சி சிட்டி
ஏப்ரல் 2, 2025

கிரீஷ்,

புதுசாகப் போட்டுக்கொண்டு வர வேண்டுமா? இதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

ஆக்ஸ்ஃபோர்டு சட்டையின் காலர் நைந்து நூல் தெரிந்தால்தான் அழகு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. நம் ஆன்லைன் குழுவில் ஒவ்வொரு கோட்டையும் போட்டோ எடுத்துப் போட்டு, எந்த வருஷம், எந்த ஊர் டெய்லர் என்று மார்தட்டுகிறவனும் நீ. அங்கே பெருமை, வீட்டில் தீட்டு. அந்தத் தீட்டைத் தூக்கிச் சுமக்க நான் ஒருத்தன்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாயே. என் பெண்டாட்டி கேட்கிறாள், "நம்மள அவ்வளவு கேவலமா நெனச்சிட்டாங்களா?" என்று. நீ வந்து அவளுக்குப் பதில் சொல்.

கல்யாணத்துக்குப் பிறகு இல்லை. முன்னால் சொல். அக்காவுக்கும் ஷ்ரேயஸுக்கும் எதிரில் சொல். முடியாது என்றால் எனக்குப் பத்திரிகை அனுப்பாதே.

ரஞ்சித்


லிவர்மோர்
மே 5, 2025

ரஞ்சித்,

சொல்லிவிட்டேன். இப்போது வயிறு குளிர்ந்ததா?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அக்கா என் அலமாரியைத் திறந்து ஹேங்கரோடு அத்தனையையும் குப்பைப் பைகளில் திணித்து கராஜில் வைத்துவிட்டுத் தலைக்குக் குளித்தாள். இப்போது தானே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஷ்ரேயஸ் என்ன சொன்னான் தெரியுமா? "யூ நியூ, அப்பா. அண்ட் யூ லெட் அங்கிள் ஸ்டேண்ட் தேர்." தெரிந்திருந்தும் உன்னை அப்படி நிற்க விட்டேனாம். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். மருமகளாக வரப்போகிற மானஸாவுக்கும் அவள் அப்பாவுக்கும் அவனே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். சம்பந்தி முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று நீ யோசித்தாயா? ஒரு கோட்டுக்காக என் வீட்டையே இரண்டாக்கிவிட்டாய்.

நீ வராவிட்டால் ஷ்ரேயஸ் என்னோடு மணமேடையில் நிற்க மாட்டானாம். அதனால் கேட்கிறேன், வா. நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

கிரீஷ்


ஜெர்சி சிட்டி
மே 14, 2025

திரு. கிரீஷ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடிப் பார்த்தேன். வான்மதியின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு வரவில்லை.

ஷ்ரேயஸும் மானஸாவும் போன் செய்து கூப்பிட்டார்கள். நான் வருகிறேன். அவர்கள் கூப்பிட்டதற்காக வருகிறேன். வாசலில் நீங்கள் கைகூப்பினால் நானும் கைகூப்புவேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் குறை வைக்க மாட்டேன்.

உள்ளே பெண் வீட்டார் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். மானஸாவின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார வேண்டாம்.

இப்படிக்கு,
ரஞ்சித்குமார்