இடது முழங்கால்

ஜூன் 3

வாலுவின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்க தோஷம். நாலு வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். இது அப்படி வைத்துவிடக்கூடிய விஷயம் இல்லை.

உங்கள் மகள் ராணுவ அகாடமிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. உடல் தகுதித் தேர்வுக்குப் போன அன்று, தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போன வியாழக்கிழமை எக்ஸ்ரே அறையில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், மூக்குக்கு நேரே ஒரு காகிதத்தை நீட்டுகிறாள். வாயெல்லாம் பல்.

அதில் இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். நேராக முதலாம் ஆண்டில் சேரலாம். அல்லது, கணக்கிலும் இயற்பியலிலும் மதிப்பெண் எல்லைக்கோட்டில் இருப்பதால், அவர்களே நடத்தும் ஆயத்தப் பள்ளியில் ஒரு வருடம் படித்து, பாஸ் செய்து, அதன் பிறகு சேரலாம். ஆயத்த ஆண்டைத்தான் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் கட்டாயம் இல்லையாம். உங்கள் மகளுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. “ஆயத்தம்னா அரைகுறைன்னு அர்த்தம்மா. என்கூட எழுதினவங்க எல்லாம் எனக்கு சீனியரா நிப்பாங்க. நான் நேராவே சேர்றேன்” என்கிறாள்.

எனக்கு இரண்டும் வேண்டாம். இங்கேயே பார்மசி கல்லூரியில் இடம் இருக்கிறது. இரண்டு பஸ் நிறுத்தம். பதினெட்டு முடியாததால் படிவத்தில் நாம் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் அதே அகாடமியில் இருந்தவர். மூன்றே மாதத்தில் முழங்கால் போய்த் திரும்பி வந்தவர். “அப்பாவுக்குத்தான் அந்த இடம் தெரியும்” என்று இன்னமும் சொல்கிறாள். நீங்கள் வேண்டாம் என்றால் கேட்பாள். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். இந்த ஒன்றையாவது எனக்காகச் செய்யுங்கள்.

வாலுவின் அம்மா


ஜூன் 11

வாலுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கையில் கிரீஸ் இருந்ததால் ஓரங்களில் கறை பட்டுவிட்டது. இந்த லிப்ட் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. நீ நம்பமாட்டாய். “எதையாவது முழுசா முடிச்சிருக்கீங்களா?” என்று நீ கேட்ட அன்றுதானே நான் பையை எடுத்தேன். அதற்குப் பிறகு விடாமல் இருக்கும் வேலை இது ஒன்றுதான்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆயத்த ஆண்டு என்ற கட்டத்தில் டிக் செய்திருக்கிறேன். பார்மசிக்கு அவளை நான் இழுக்க மாட்டேன். நேராகச் சேர்வதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். அங்கே முதல் வாரம் பலகையில் போடும் கணக்கு புரியாதவர்களுக்கு இரண்டாவது வாரம் என்று ஒன்று இல்லை. நிதானமாகப் போகட்டும். ஒரு வருடம் பெரிதில்லை. எனக்கும் அன்றைக்கு இதே ஆயத்த ஆண்டைக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். அதை மட்டும் அவளிடம் சொல்.

நீ கேட்டதைச் செய்யவில்லை. கோபித்துக்கொள்வாய். கொள்.

அவள் அப்பா


ஜூன் 24

வாலுவின் அப்பாவுக்கு,

டிக் போட்டது நீங்கள், பட்டது நான். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலாவது நாள், “அப்பா அன்னிக்கு ஆயத்த ஆண்டை வேண்டாம்னு சொன்னதுக்கு இப்போ வருத்தப்படறாரா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “சரி, நீயும் போடு” என்று பேனாவை நீட்டினாள். போட்டுவிட்டேன். போடாவிட்டால் என்னை வாழ்நாள் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரவைத்திருப்பாள்.

முடியைக் காது அளவுக்கு வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கடைக்குப் போக வெட்கம். குளியலறையில் பேப்பர் விரித்து நான்தான் வெட்டினேன். எட்டு வயதில் பேன் வந்து வெட்டியபோது ஊரைக் கூட்டி அழுதாளே, இப்போது அசையவில்லை. நான்தான் ஒரு பக்கம் ஏற வெட்டிவிட்டேன். “பரவாயில்லம்மா, தொப்பி போட்டா தெரியாது” என்றாள்.

நேற்று கொண்டுபோய் விட்டேன். வாசலில் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல.

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது.

வாலுவின் அம்மா


செப்டம்பர் 2

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

மகள் ஞாயிறு தோறும் எனக்கும் அரைப்பக்கம் எழுதுகிறாள். உனக்கு ஒரு பக்கம் என்று தெரியும், பொறாமைப்படவில்லை. நியூட்டன் விதி மண்டையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தாள். லிப்ட் கிளம்பும்போது கால் கனப்பதும் நிற்கும்போது வயிறு லேசாவதும் ஏன் என்று படம் போட்டு நாலு பக்கம் அனுப்பினேன். “இப்போ புரியுது, ஆனா லிப்ட்ல ஏற பயமா இருக்கு” என்று பதில் வந்தது.

நீ எக்ஸ்ரே அறையில் அந்த ஈய அங்கியை மாட்டிக்கொண்டு இன்னும் இரண்டு ஷிப்ட் நிற்கிறாயா? முதுகு எப்படி இருக்கிறது? கேட்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்வாய். உரிமையோடு கேட்கவில்லை, சும்மா கேட்கிறேன்.

அவள் அப்பா


அக்டோபர் 29

வாலுவின் அப்பாவுக்கு,

முதுகு இருக்கிறது. 

நேற்று மத்தியானம் மகள் ஆஸ்பத்திரி நம்பருக்கே போன் செய்தாள். நான் ஒரு நோயாளியை மேசையில் படுக்க வைத்துவிட்டு ஓடினேன். அழுகை. கணக்குத் தேர்வில் இரண்டாம் முறையும் போய்விட்டதாம். வகுப்பில் எழுப்பி நிற்க வைத்தார்களாம். “அம்மா, என்னால முடியல. கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துடறேன். அப்பாவும் கால் போய்த்தானே வந்தாரு? யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்றாள்.

“நிஜமாவே சுளுக்கா?” என்று கேட்டேன். “இல்ல” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வந்துவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஞாயிறு வரைக்கும் பொறு, அப்பாவிடம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளைப் பெற்றதிலிருந்து எல்லாவற்றையும் நானே தீர்மானித்தாயிற்று. இதை என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். நீங்கள் போங்கள்.

வாலுவின் அம்மா


நவம்பர் 5

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

போனேன். மகளைப் பார்த்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். முதலில் உன்னிடம் சொல் என்று அவள்தான் என்னை அனுப்பியிருக்கிறாள்.

எனக்கு முழங்காலில் ஒன்றும் ஆகவில்லை. எப்போதுமே ஆனதில்லை.

நான் நேராகச் சேர்ந்தவன். ஆயத்த ஆண்டு என்றால் அவமானம் என்று நினைத்தேன். என் அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார், இனி ஒரு வருடம் கழித்து என்றால் என்ன மரியாதை. சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. பலகையில் எழுதுவது ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதினேன். ஒரு நாள் அந்த ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கையில் கொடுத்தார். வகுப்பு முடியும் வரை பலகைக்கு முன்னால் நின்றேன். ஒரு கோடுகூடப் போடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பதினோராவது வாரம், சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தின் நகலை வரும் வழியில் கிழித்துப் போட்டேன்.

வீட்டில் என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எந்தக் கால் என்றும் பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். நிறுத்தத்தில் இறங்கி வீடு வரைக்கும் நொண்டினேன். அப்பா ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் நேராக நடக்க வழியில்லாமல் போய்விட்டது.

உன்னிடம் சொல்லலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். மழை வந்தால் நீ எண்ணெய் சுடவைத்துக்கொண்டு வந்துவிடுவாய். நீயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது என்று சொன்னாய், நினைவிருக்கிறதா? பொய்க்கு உடம்பே துணைக்கு வந்துவிட்டதே என்று அன்று பயந்துபோனேன். அப்புறம் எந்த வேலையிலும் யாராவது ஒரு கேள்வி கேட்டால் பலகைக்கு முன்னால் நிற்பது போலவே இருக்கும். கேட்பதற்குள் கிளம்பிவிடுவேன். நீ கேட்ட அன்றும் அப்படித்தான் கிளம்பினேன்.

இதையெல்லாம் பார்வையாளர் அறையில் அவளிடம் சொன்னேன். “எந்தக் கால்ப்பா?” என்றாள். இடது என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “வரணும்னா வா. இன்னிக்கே வா, நான் வாசல்ல நிக்கறேன். ஆனா சுளுக்குன்னு சொல்லாதே. கணக்கு வரலன்னு சொல்லிட்டு வா” என்றேன். வெகுநேரம் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டிசம்பர் தேர்வை எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அப்புறம், “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “அப்போ என்கிட்ட ஏன் முதல்ல சொன்னே?” என்றாள்.

திட்ட வேண்டுமானால் திட்டி எழுது.

உன்
அவர்


நவம்பர் 16

வாலுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் போன் செய்தாள், குரல் தெளிவாக இருக்கிறது. அங்கேயே ஒரு கணக்கு ஆசிரியை மாலை நேரத்தில் அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாராம். ஆயத்தப் பள்ளியில் அதற்கு நேரம் இருக்கிறது. அதற்காகத்தானே அந்த வருடம்.

மற்றதற்கு இப்போது எழுத முடியவில்லை.

வாலுவின் அம்மா


மே 28

அன்புள்ளவளுக்கு,

உனக்கும் தகவல் வந்திருக்கும். மகள் பாஸ். கணக்கில் அறுபத்தெட்டு. முதலாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். செய்தி வந்தபோது நான் லிப்ட் கூரைமேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே இருந்த உதவியாளரிடம் கத்திச் சொன்னேன். “சார், இறங்கி வந்து சொல்லுங்க, விழுந்துடப் போறீங்க” என்றார்.

நீ திட்டி எழுதுவாய் என்று ஏழு மாதம் காத்திருந்தேன். எழுதவில்லை. மகளைப் பற்றி மட்டும் எழுதினாய், ஆனாலும் மார்ச்சில் எழுதியதில் சாப்பிட்டீர்களா என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். உன் ஊரிலேயே எங்கள் கம்பெனிக்குக் கிளை திறக்கிறார்கள். மாற்றல் கேட்டால் கொடுப்பார்கள். இனி நொண்ட வேண்டியதில்லை. நேராக நடந்து வருவேன்.

வரட்டுமா?

உன்
அவர்


ஜூன் 8

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுவேன்.

கல்யாணமான இரண்டாவது வருடம். டாக்டரிடம் காட்டமாட்டேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்ததால், மதிய இடைவேளையில் என் மேசையில் படுக்க வைத்து இரண்டு படம் எடுத்தேன். ஒன்று முன்புறம், ஒன்று பக்கவாட்டில். ஈரம் காயாத படத்தை உள்ளே விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். அவ்வளவு நல்ல முழங்காலை நான் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் போடலாம். சந்தேகத்துக்கு எலும்பு டாக்டரிடமும் காட்டினேன். “யாரும்மா இது, பந்து விளையாடறவரா?” என்று கேட்டார்.

வெளியே வந்தேன். நீங்கள் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “கொஞ்சம் தேய்மானம் இருக்கு. சூடா எண்ணெய் தேய்ச்சா போதும்.”

எதற்கோ பயந்துதான் நொண்டுகிறீர்கள் என்று மட்டும் புரிந்தது. என்றைக்காவது நீங்களே சொல்வீர்கள் என்று நினைத்தேன். பதினாலு மழைக்காலம் எண்ணெய் தேய்த்தேன். தேய்க்கும்போது நான் வாயே திறக்க மாட்டேன், கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் பேசுவதற்காகத்தான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, “இதமா இருக்கு” என்பீர்கள். கிண்ணத்தைக் கழுவி வைப்பேன்.

மகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உங்களால் சொல்ல முடிந்தது. அது அவளைக் காப்பாற்றிவிட்டது. அதற்காக உங்களை நான் கும்பிடுகிறேன், பொய்யில்லை. ஆனால் “என்கிட்ட ஏன் முதல்ல சொன்னே?” என்று அவள் கேட்டாளே, அதை ஏழு மாதமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. அன்றைக்கு அந்தப் படத்தை உங்கள் கையில் கொடுத்து, இதோ பாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அழுதிருப்பீர்கள். நானும் அழுதிருப்பேன். சாயங்காலம் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். நான் கருணை என்று நினைத்துக்கொண்டு உங்களைப் பொய்யோடு தனியாக விட்டுவிட்டேன். பதினாலு வருடம் ஒரே அறையில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு படுத்திருந்தோம்.

கோபம் இல்லை. இருந்தால் வரச் சொல்லியிருப்பேன், சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. நீங்கள் எப்போது சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த பெண்ணாக இனி ஒரு நாளும் என்னால் இருக்க முடியாது. மாற்றல் கேட்க வேண்டாம். அந்த வேலையை விடாதீர்கள்.

மகள் அகாடமியில் உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பெற்றோருக்கு இரண்டு இருக்கை, பக்கத்துப் பக்கத்தில். வந்துவிடுங்கள். எல்லாரும் ஒரே உடுப்பில் ஒரே மாதிரி கால் வைத்துப் போவார்கள், எது நம் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு அந்த வரிசையெல்லாம் தெரியும். கையை நீட்டிக் காட்டுங்கள்.

முடிந்ததும் வாசலிலேயே மகளிடம் சொல்லிக்கொண்டு, நான் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். ஏற்றிவிட வர வேண்டாம்.

வாலுவின் அம்மா