சம்பந்தி தவறவிட்ட பந்துகள்

சம்பந்தி,

இன்று காலை டி.வி.க்குக் கீழே இருக்கும் மேசையைத் துடைத்தபோது உம்முடைய ரிமோட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். ரிமோட் என்றால் உம் மகள் திருத்துவாள். கண்ட்ரோலர் என்று சொல்லவேண்டுமாம். இரண்டும் கறுப்பு, பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. மோந்தால் தெரியும். கட்டைவிரல் மூட்டில் நீர் தடவிக்கொண்டு வரும் வலித் தைலத்தின் வாசனை அதன் ரப்பர் பிடியில் இன்னும் இருக்கிறது.

வாசனையோடு உம் குரலும் வந்தது. "நீங்க முதல்ல அடிங்க." ஆரம்பத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் இப்படித்தான் தொடங்குவீர்.

அப்போது நமக்குள் பேச்சென்று என்ன இருந்தது? என் மகனுக்கு உம் மகளைக் கொடுத்தீர். கல்யாணத்திலும் பிறகு வந்த விசேஷங்களிலும் கும்பிட்டுக்கொண்டோம், "சாப்டீங்களா" என்று கேட்டுக்கொண்டோம். நான் மாட்டுங்காவில், நீர் செம்பூரில். அந்தத் தூரம் இருவருக்கும் வசதியாக இருந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் மகனோடு ஐரோலிக்கு வந்தேன். உம்முடைய செம்பூர் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று, பாத்திரக்கடையை மச்சினரிடம் விட்டுவிட்டு, நீரும் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியிலேயே அடுத்த விங்கில் வாடகைக்கு வந்தீர். மதியம் உம் வீட்டில் சீரியல் ஓடும். அதற்குத் தப்பி எங்கள் வீட்டுக்கு வருவீர். சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதைக் காணப் பொறுக்காமல்தான் உம் மகள் ஒரு நாள், என் மகன் வாங்கி வைத்திருந்த கோல்ஃப் விளையாட்டைப் போட்டு, ஆளுக்கொரு கண்ட்ரோலரைக் கையில் திணித்தாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நம் மேலும் ஒரு கண் வைத்திருப்பாள்.

தூரமாக அடிப்பது நமக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. குழிக்குப் பக்கத்தில் வந்தபின் பந்தை மெல்ல உருட்டி உள்ளே விடும் 'பட்டிங்'தான் பாடாய்ப் படுத்தியது. திரையில் பச்சைத் தரை, அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள், கோடுகளில் ஊரும் சின்னப் புள்ளிகள். புள்ளி எந்தப் பக்கம் ஊர்கிறதோ அந்தப் பக்கம் சரிவு. வேகமாக ஊர்ந்தால் சரிவு அதிகம். பொத்தானை அழுத்தினால் ஓரத்தில் ஒரு பட்டை ஏறும். வேண்டிய அளவு வந்ததும் மறுபடி அழுத்தவேண்டும். கேட்க எளிதுதான். என் பந்து குழிக்கு முன்னாலேயே நின்றுவிடும், இல்லையென்றால் தாண்டி ஓடும்.

ஆனாலும் தினமும் நான்தான் ஜெயித்தேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில் உம் பந்து கடைசிக் குழியை விட்டு விலகிப் போகும். "அடடா, போயிட்டே. உங்க கைக்கு யோகம் இருக்கு சம்பந்தி" என்பீர். எனக்கு வித்தை கூடி வருகிறது என்று நம்பினேன். சாயங்காலம் மகனிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

ஒரு நாள் பேங்குக்குப் போனவன் சீக்கிரம் திரும்பினேன். கதவு திறந்து கிடந்தது. நீர் தனியாக ஆடிக்கொண்டிருந்தீர். நீளமான தூரம், குறுக்கே நல்ல சரிவு. மூச்சை முழுக்க வெளியே விட்டு, பிறகு பொத்தானை அழுத்தினீர். பந்து வளைந்து போய்க் குழியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். என்னைக் கண்டதும் அடுத்த பந்து எங்கோ போனது. "வாங்க, வாங்க. சும்மா டைம்பாஸ்" என்றீர்.

மறுநாள் நானும் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். கடைசிக் குழி. உம் பந்துக்கும் ஒரு முழம் தூரம், என் பந்துக்கும் ஒரு முழம். நீர் வலப்பக்கம் தள்ளினீர். நான் இடப்பக்கம் தள்ளினேன்.

"அடடா, போயிட்டே" என்றீர்.

"எனக்கும் போயிருச்சு" என்றேன்.

"நீங்க நேரா அடிங்க சம்பந்தி."

"நீங்க அடிங்க, நான் அதைப் பார்த்து அடிக்கிறேன்."

இப்படியே பந்துகள் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தன. கடைசியில் விளையாட்டுக்கே பொறுமை போய், இதற்குமேல் அடிக்கமுடியாது என்று ஆட்டத்தை முடித்துவிட்டது. மேசையிலிருந்து உம் மகள், மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? ஒரு முழத்துல கைக்குழந்தை தள்ளினாக்கூட விழும். அப்பா, வேணும்னே விடுறீங்கள்ல?"

நீர் கண்ட்ரோலரைப் பார்த்தபடியே சொன்னீர். "மாப்பிள்ளையோட அப்பாவ செயிக்கலாமாட்டி? மனசுல ஏதும் வெச்சுக்கிட்டார்னா உனக்குல்லா கஷ்டம்."

"எனக்காக கோல்ஃப்ல தோக்குறீங்களா?"

"கல்யாணத்துலேர்ந்தே தோத்துக்கிட்டுதான் இருக்கேன். பழகிப்போச்சு."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வேடிக்கை என்று நான் நினைத்திருந்தது உமக்கு வேடிக்கையாக இருக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொன்னேன். "காலமெல்லாம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவன் நான். பாவம்னு போட்ட மார்க் எந்தப் பையனுக்கும் உதவினதில்லை. எனக்கு அந்த மார்க் வேண்டாம் சம்பந்தி."

நீர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்பம் நானே முதல்ல அடிக்கேன்" என்றீர்.

அன்று என்னைத் துவைத்து எடுத்துவிட்டீர். அன்றே 'நீங்க' போய் 'நீரு' வந்தது. "புள்ளி ஊருறதப் பாரும் வே. குழியப் பார்த்து என்ன செய்ய?" திருநெல்வேலிப் பேச்சில் அந்த 'வே' எப்படிப்பட்ட நெருக்கம் என்று நமக்குத் தெரியும். பதிலுக்கு நானும் உம்மை 'ஓய்' என்றேன்.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டேன். காலையில் தனியே உட்கார்ந்து, கடைசி பெஞ்சுப் பையனுக்குச் சொல்வதுபோல எனக்கே உதாரணம் சொல்லிக்கொள்வேன். அந்தத் தரையில் ஒரு சொம்பு தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடும்? அதுதான் பந்து போகிற வழி. சரிவு இருக்கும்போது எதைப் பார்த்து அடிப்பது? ஸ்டேஷனில் லோக்கல் ரயில் வரும்போது, பெட்டியின் கதவு இப்போது இருக்கும் இடத்திலா நிற்கிறோம்? அது வந்து நிற்கப்போகும் இடத்தில்தானே? அதுபோல, குழியை விட்டு மேட்டுப் பக்கமாகக் குறி வைத்தால் பந்து தானாக இறங்கி வரும். பலம் குறைவாக அடிப்பதுதான் என் வழக்கமான தப்பு. குழியைக் கொஞ்சம் தாண்டிப் போகட்டும் என்று அழுத்தப் பழகினேன்.

ஒரு மதியம் உம்மை ஜெயித்தேன். உம் கடைசிப் பந்து குழியின் விளிம்பில் சுற்றி வெளியே நின்றது, என்னுடையது விழுந்தது. நீர் பட்டென்று எழுந்து, வந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டீர். அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டீர். "நேத்து வெயில் கண்ணுல அடிச்சுது வே" என்றீர். எங்கள் கூடத்துக்கு வெயில் வருவதே இல்லை.

மழைக்காலம் முடியும் முன்பு நீர் ஒரேயடியாகப் போய்விட்டீர். செம்பூர் கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்துமுன் மூச்சை விட்டுவிடும் உம் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நடந்துபோகும்போது தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிற பழக்கமும் போகவில்லை.

இப்போது சாயங்காலம் ஆபீஸ் வேலை முடிந்ததும் உம் மகள்தான் என்னோடு ஆட உட்காருகிறாள். தோற்றவர் காப்பி போடவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவிலிருந்து என் அக்கா வந்திருந்தபோதும் ஆட்டம் நடந்தது. கடைசிக் குழியில் உம் மகளுக்கு நீளமான தூரம், கஷ்டமான சரிவு. கொஞ்சமும் தயங்காமல் அழுத்தினாள். விழுந்தது. "மாமா, காலி" என்றாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, மாமனாரைப் போட்டு இப்படித் தோக்கடிக்கியே. ஒண்ணு ரெண்டு விட்டுக்குடுத்தா என்ன?"

உம் மகள் அடுத்த ஆட்டத்தைத் தேடிக்கொண்டே சொன்னாள். "மாமாவுக்கு அது பிடிக்காது அத்தை." பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, எனக்குச் சர்க்கரை கம்மி" என்றாள்.

நீர் பயந்ததெல்லாம் இவளுக்காகத்தானே. இவளுக்கு அந்தப் பயம் துளிகூட இல்லை.

அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். அது காயும்வரை என் கடைசிப் பந்தை மனதுக்குள் மறுபடி அடித்துப் பார்த்தேன். சரிவைக் குறைவாக எடைபோட்டிருக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் அவளை விடப்போவதில்லை ஓய்.